மூன்றாம் சேனல்

மலையில் மனிதனுக்கு மனிதனே துணை, அந்தத் துணைக்கு ரேடியோவே உயிர்மூச்சு என்று முழங்குகிறார் வெண்டல். கனடாவின் ரெவல்ஸ்டோக் ஊரில், பனிவண்டிச் சாமான்கள் விற்கும் கடைக்குள் இந்தப் பேருரையைக் கேட்பவர்கள் கடைக்காரி கொரீனும், வரிசையாகத் தொங்கும் ஹெல்மெட்டுகளும்தான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே பகல் வெளிச்சம் மங்கிச் சோர்ந்து கிடக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க, பனிவண்டி ஓட்டும் நண்பர்களில் ஒருவர்கூட அவர் ரேடியோவில் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கருவி பழுது என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். கடையில் இருப்பதிலேயே பெரிய ரேடியோவாகப் பார்த்து எடுத்து மார்புப் பட்டையில் மாட்டுகிறார்.

"பேசிப் பாருங்கண்ணே. உங்க ஆளுங்க இப்ப மலையடிவாரத்துல வண்டிய இறக்கிட்டு இருப்பாங்க" என்கிறாள் கொரீன்.

நண்பர்கள் வழக்கமாகப் பேசும் மூன்றாம் சேனலில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, பனிச்சரிவைப் பற்றி வெண்டல் நீளமாக எச்சரிக்கிறார். பதிலே இல்லை.

"பட்டன விட்டாத்தானே அவங்க பேசறது கேக்கும்?"

கட்டைவிரல் விலகுகிறது. கரகரப்பு. பிறகு நண்பர்களில் ஒருவனான டரிலின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல: "வந்துட்டாருடா பிரசங்கி. எல்லாரும் ஏழாம் சேனலுக்கு மாறுங்க."

கொரீன் ஏற்கெனவே மடித்து வைத்த கையுறைகளை மறுபடி மடிக்கிறாள்.

"பழசுலதான் கோளாறு. இதுல சுத்தமா கேக்குது" என்கிறார் வெண்டல். குமிழை மெல்லத் திருப்பி ஏழில் நிறுத்துகிறார். இந்தத் தடவை பட்டனைத் தொடவில்லை. மலையில் மனிதனுக்கு மனிதனே துணை என்று ஒரு குரல் முழங்குகிறது, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். டரில் அவரைப்போல அச்சு அசலாகப் பேசிக் காட்டுகிறான்.