துக்க வீட்டில் சிரித்தவள்

“துக்க வீட்டுல விழுந்து விழுந்து சிரிச்சு என் மானத்தை வாங்கிட்டா டாக்டர். நாலு அறை விட்டும் அடங்கல,” என்றார் அப்பா. பக்கத்தில் எட்டு வயது மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டார்.

“சிரிப்பு வரும்போது எப்படிடா இருக்கும்?”

“பயமா இருக்கும். நிறுத்தணும்னுதான் பார்ப்பேன். வாய் கேக்காது.”

டாக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் படத்தில், மூளையின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது.

“ரொம்ப அபூர்வமான கட்டி. புற்றுநோய் இல்லை, வைத்தியம் இருக்கு. ஆனா இவளுக்கு வந்தது சிரிப்பே இல்லை சார், அந்தக் கட்டியால வர்ற வலிப்பு.”

மகள் மெல்ல அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

“அப்போ நான் கெட்ட பொண்ணு இல்லையாப்பா?”