இரும்புப் பெட்டியைத் தேடியவன்

பிரவுசர் கம்பெனி அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர். ஆண்டவனே வந்து கேட்டாலும் விதிமுறை பேசுவாள் என்பார்கள். இன்று ஆண்டவனுக்குப் பதில் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார்.

மேலாளர்தான் அவரைக் கையோடு அழைத்து வந்து அவள் எதிரில் உட்கார வைத்தார். காக்கியைக் கண்டதிலிருந்தே மேலாளர் வார்த்தைக்கு வார்த்தை ‘சார், சார்’ என்று குழைந்துகொண்டிருந்தார்.

“நேத்து ஒரு வீட்ல இரும்புப் பெட்டிய உடைச்சு நகைய மொத்தமா வழிச்சுட்டுப் போயிட்டான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “போன வாரம் உங்க பிரவுசர்லதான் தேடியிருக்கான். ‘பக்கத்து வீட்டுக்காரர் முழிக்காமல் இரும்புப் பெட்டியை உடைப்பது எப்படி’ன்னு. அதுக்கு உங்க பிரவுசர் என்ன யோசனை சொல்லிச்சு தெரியுமா? ‘ஈரச் சாக்கு போட்டுச் சத்தமில்லாமல் உடைப்பது எப்படி’ன்னு தேடச் சொல்லிச்சு!”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தேடல் காலையில்தான் அவள் திரைக்கு வந்திருந்தது.

பிரவுசரில் இரண்டு எழுத்துத் தட்டுவதற்குள் ‘இதைத்தானே தேடுகிறீர்கள்?’ என்று முந்திரிக்கொட்டை மாதிரி யோசனை சொல்லுமே, அது உருப்படியாகச் சொல்கிறதா, உளறுகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. யார் யாரோ தேடியதெல்லாம் அவளிடம் வரும். தேடியவர் பெயர் மட்டும் வராது. ‘மாமியாரை ஊருக்கு அனுப்ப நல்ல காரணங்கள்’ என்று தேடிய புண்ணியவதி யாரென்று தெரியாமல் அவளுக்கே ஒரு வாரம் மண்டை வெடித்தது. சாக்கு யோசனையைத் தகாதது என்று குறித்து நீக்கியிருந்தாள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

“தேடினது நிஜம் சார். தேடினது யாருன்னு எங்களுக்குத் தெரியாது.”

“கதை விடாதே. தேடுறத சோதனைக்கு எடுத்துக்குவோம்னு நீங்களே திரையில போடுறீங்க. எடுத்தவங்களுக்கு யார்கிட்டேருந்து எடுத்தோம்னு தெரியாதா?”

“இருக்கறதக் காட்டிடும்மா,” என்று மேலாளர் கெஞ்சினார். “உன்னால நானும் சேர்ந்து கம்பி எண்ணணுமா?”

“இல்லாதத எப்படி சார் காட்டறது?”

“அப்போ திருடனுக்கு உடந்தைன்னு உன்னத்தான் உள்ள வைக்கணும்.”

மகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்பதுதான் முதலில் அவள் நினைவுக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே உட்கார்ந்து பாருங்க சார். எங்க வேணும்னாலும் துழாவுங்க.”

அவர் துழாவினார். அவள் சொன்ன இடத்தையெல்லாம் திறந்தார், சொல்லாத இடத்தையும் திறந்தார். வெறும் வரிகள்தான் வந்தன.

“பேரு, ஊரு, நேரம் எல்லாம் வழியிலயே கழண்டுடும் சார். மிச்சத்தையும் மெஷினே கலைச்சுப் போட்டுத்தான் எனக்கு அனுப்பும்.”

“உங்க முதலாளி நினைச்சா?”

“அவராலயும் முடியாது.”

“கோர்ட்டு கேட்டா?”

“கோர்ட்டுக்கும் இதே பதில்தான். எங்கயும் எழுதி வைக்காதத யாருக்குக் குடுக்க முடியும்?”

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். பாவம், மேலிடத்துக்கு என்ன பதில் சொல்லப்போகிறாரோ என்று அவளுக்கே இரக்கமாக இருந்தது.

“நல்லா இரும்மா. உன்ன மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் ஜனங்க நிம்மதியாத் தூங்கறாங்க,” என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மேலாளருக்கு வீரம் வந்துவிட்டது. “பாத்தியா, நான் பக்கத்துல நின்னதும் எப்படி அடங்கிட்டாரு! ஆனாலும் கெட்டிக்கார ஆளும்மா. அந்தத் தேடலை ஒரு எழுத்து பிசகாமச் சொன்னாரே.”

தண்ணீர் குடிக்கப் போனவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீங்க யார்கிட்டயாவது அதச் சொன்னீங்களா சார்?”

“எனக்கே அவர் சொல்லித்தானே தெரியும்!”

“நானும் யார்கிட்டயும் மூச்சு விடல. நேரமே வராத தேடலுக்கு அவரு ‘போன வாரம்’னு நாளும் சொன்னாரு. அப்போ அந்த வரி தெரிஞ்ச ஆளு என்னத் தவிர ஒருத்தன்தான்... தட்டினவன்!”

தேடியது யாரென்று சொல்லவே முடியாது என்று சாதித்த கறார், அடுத்த நிமிடம் நிஜப் போலீசுக்குப் போன் போட்டு, தேடியவனின் உயரம், மீசை, இடது புருவத் தழும்பு என்று ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.