சாக்கில் வந்த கண்ணிவெடி

"கீழே வைக்காதீங்க! அப்படியே பிடிச்சுக்கோங்க, யோஸோ!"

போஸ்னிய மலையூர் ஒன்றின் போர் அருங்காட்சியகத்தில், இயக்குநர் டாமிர் மேசையைத் தாண்டி ஓடினார். விவசாயி யோஸோவின் உருளைக்கிழங்குச் சாக்குக்குள் கண்ணிவெடி.

"ஏன் அலர்றீங்க டைரக்டரே? டிராக்டர்ல அந்தக் குலுக்கு குலுக்கியும் வெடிக்கலையே!"

முன்னாள் ராணுவப் பொறியாளரான டாமிர், மூச்சைப் பிடித்தபடி வெடியின் மூடியைத் திருகி, அதை வெடிக்க வைக்கும் ஃப்யூஸை உருவினார்.

"இனிமே இது வெறும் தகரம்."

"அப்போ பார்வைக்கு வைங்க. கண்டெடுத்தவர்னு என் பேரைக் கொட்டை எழுத்துல போடணும். புதைச்ச படுபாவி பேர்தான் தெரியல. முப்பது வருஷமா இது கிடைச்ச மேட்டுப் பக்கம் ஒரு ஆட்டைக்கூட விட முடியல. அவன் மட்டும் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?"

"இதே சாக்குல கட்டி ஆத்துல வீசிடுவேன்!"

டாமிர் அட்டையில் யோஸோவின் பெயரைப் பெரிதாக எழுதினார். பேனா சற்று நின்றது. பிறகு அடுத்த வரியில், 'புதைத்தவர்' என்பதற்கு நேராகத் தன் பெயரை எழுதி, அட்டையை யோஸோவிடம் நீட்டினார்.