கொம்பும் கால்சட்டையும்

"கழட்டிடுங்கக்கா. வரலாறே அப்படித்தான் சொல்லுது"ன்னு கொம்பன் சொன்னதும் டெய்லருக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிச்சு.

கொம்பன்ங்கிறது முதலாளிக்கு ஆபீஸ் வச்ச பேரு. டெய்லர்ங்கிறது அவளுக்கு வச்சது. கம்ப்யூட்டர் விளையாட்டுல வர்ற ஆளுங்களுக்குத் துணிமணி, கேடயம், வாள் செஞ்சு போடறது அவ வேலை.

மீட்டிங் ரூம் சுவர்ல, பெரிய ஸ்கிரீன்ல, ஆளுயரத்துக்கு ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல இருந்த கெல்ட் சனத்துப் போர்க்காரி.

கையில நீள்வட்ட மரக் கேடயம், நடுவுல இரும்புக் குமிழ். வலது இடுப்புல சங்கிலியில தொங்குற நீள வாள். தோள்ல ஊக்கு குத்தின போர்வை, உள்ள முழுக்கைச் சட்டை. கீழ கட்டம் போட்ட கம்பளிக் கால்சட்டை. பழைய உப்புச் சுரங்கத்துல மக்காம கெடைச்ச துண்டுத் துணியோட போட்டோவைப் பாத்துப் பாத்து, இழை இழையா அவ செஞ்சது.

இவளைத்தான் வெறும் கேடயமும் வாளுமா நிறுத்தணுமாம். கெல்ட் வீரனுங்க அம்மணமாச் சண்டை போட்டாங்கன்னு பழைய புத்தகத்துல இருக்காம்.

"இருக்கு"ன்னா டெய்லர். "யாரு எழுதினது? எதிரிப் பக்கத்து ஆளு. யாரைப் பத்தி எழுதினான்? ஒரே ஒரு சண்டை, அதுல ஒரு கூலிப்படை, அத்தனையும் ஆம்பளை. முள்ளுல துணி மாட்டும்னு கழட்டிப் போட்டானுங்க. நம்ம விளையாட்டுல ஒரே ஒரு முள்ளுச் செடி காட்டுங்க, நான் கழட்டறேன்."

யாரோ சிரிச்சாங்க. கொம்பன் சிரிக்கல.

வரலாறு சரிபாக்கன்னு இந்த வாரம் வந்து சேர்ந்த பேராசிரியர், லேசர் பேனாவை விரலுக்கு நடுவுல உருட்டிக்கிட்டே, "எழுதியிருக்கு என்னவோ நிஜம்தான்"னார். மதில் மேல் பூனை.

விக்கிற பிரிவுக்காரர் நாற்காலி நுனியில உக்காந்திருந்தார். சாயங்காலத்துக்குள்ள விளம்பரப் படம் வெளிய போயாகணும். லட்சக்கணக்குல பாப்பாங்கன்னு அவரு சந்தோஷமாச் சொன்னார்.

போன வருஷம் இதே ரூம்லதான் கொம்பன் வீரனுங்க தலைக்கவசத்துக்குக் கொம்பு வைக்கச் சொன்னான். மல்லுக்கு நின்னா. கொம்போட சண்டைக்குப் போறவன், எதிரி கையில பிடி குடுத்துட்டுப் போறவன்னு சொன்னா. விளையாட்டுக்கு என்னக்கா வரலாறுன்னு சொல்லி வச்சே விட்டான். அன்னையில இருந்துதான் அந்தப் பேரு.

கொம்பு வைக்கும்போது செத்துக் கிடந்த வரலாறு, துணியைக் கழட்டும்போது எழுந்து உக்காந்துருச்சு.

அதுவும் பொம்பளைக்கு மட்டும். இதே விளையாட்டுல ஆம்பளை வீரனுக்குக் கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் இரும்பு வளையச் சட்டை. அந்தக் காலத்துல ஒரு கூட்டத்துக்கு ஒரு தலைவன் அதைப் போட்டிருந்தாலே பெருசு. இங்க வர்றவன் போறவனுக்கெல்லாம் மாட்டி விட்டாச்சு. அவனை ஏன் கழட்டலன்னு கேட்டா. வாங்கறவங்க அதைக் கேக்கலையாம்.

அவ நாற்காலியை மேசைக்கு நெருக்கமா இழுத்துக்கிட்டா.

"சரி, கொம்பு வச்சுக்குங்க. இவளுக்கும் வைங்க. ரெண்டு பத்தாதுன்னா நாலு வைங்க, நான் வாயத் தொறக்கல. சட்டையையும் கால்சட்டையையும் மட்டும் விட்டுடுங்க."

ரூமே திரும்பிப் பாத்துச்சு. ஒரு ஊக்கு இடம் மாறினாலே ஊரைக் கூட்டறவ, நாலு கொம்புக்குச் சம்மதிக்கிறா.

"செத்து மண்ணாப் போன சனம். உங்களுக்கு ஏன்க்கா பொத்துக்கிட்டு வருது?"ன்னு கொம்பன் கேட்டான். அக்கான்னு கூப்பிடறதுல மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டான்.

பதில் தொண்டை வரைக்கும் வந்துச்சு. பத்துப் பேர் முன்னாடி அதைச் சொல்றதும், அவன் கேக்கறதைச் செய்யறதும் ஒண்ணுதான்னு முழுங்கிட்டா.

அவன் காத்திருக்கல. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு தட்டு தட்டினான். போர்வை போச்சு. இன்னொரு தட்டு, சட்டை. இன்னொரு தட்டு.

கம்பளி இருந்த இடத்துல தோல் நின்னுச்சு.

பேராசிரியரோட சிவப்புப் புள்ளி தோள்ல இருந்து இறங்கிச்சு, ஏறிச்சு, இடது மேல்கையில வந்து நின்னுச்சு.

"இங்க ஒரு பிழை இருக்கே. தடுப்பூசித் தழும்பு மாதிரி தெரியுது. அந்தக் காலத்துல ஏது ஊசி?"

கொம்பன் விழுந்து விழுந்து சிரிச்சான். "பாத்தீங்களாக்கா, உங்க வரலாறை."

டெய்லர் எழுந்தா. ஸ்கிரீன் பக்கத்துல போய் நின்னா. இடது சட்டைக் கையைச் சுருட்டித் தோள் வரைக்கும் ஏத்தினா.

"சார், அந்தப் புள்ளியை இப்படிக் காட்டுங்க. இதுவும் பிழையான்னு பாத்துச் சொல்லுங்க."

அதே இடம். அதே அளவு. ஓரத்துல அதே சின்ன நெளிவு.

கம்பெனி ஒத்தை ரூம்ல ஓடின காலம் அது. உடம்பு அளவுக்கு நீங்க நில்லுங்கக்கா, மேல துணி வந்துடும், யாரு பாக்கப் போறான்னு சொல்லி, கேமராவைத் தூக்கிக்கிட்டு அவளைச் சுத்திச் சுத்திப் படமெடுத்து, அந்த உடம்பையே இந்தப் போர்க்காரிக்கு வச்சது கொம்பன்தான். அந்த மேல வர்ற துணியை அன்னையில இருந்து அவதான் செஞ்சுக்கிட்டிருக்கா.

சிவப்புப் புள்ளி அணைஞ்சிருச்சு. எல்லாரும் மேசையைப் பாத்தாங்க.

கொம்பனோட விரலு கீபோர்டு மேல இங்கயும் அங்கயும் தடவிச்சு. துணியைத் திரும்பப் போடற பட்டன் எதுன்னு அவனுக்குத் தெரியல.