சாவி எலும்பு

கலியாண சீசன். காலையிலிருந்து நின்றபடியே அளவெடுத்த சாம்பவிக்குக் கால் கடுத்தது. பாரிஸின் லா சப்பலில் உள்ள அவளுடைய தையல் கடைக்குக் கடைசியாக வந்தவர்கள் பொபினிப் புறநகரில் வசிக்கும் புனிதவதியும் வருங்கால மருமகள் மிருணாளினியும்.

“கூறைச் சேலைக்குப் பிளவுஸ் தைக்கோணும். பிள்ளை ஒல்லாந்தில பிறந்தது, தமிழ் ஒரு சொல்லும் விளங்காது,” என்றாள் புனிதவதி.

சாம்பவி அலுப்போடு கைபேசியில் டச்சுச் சொற்களைத் தேடினாள். பெண்ணின் தோள்பட்டையைத் தொட்டு, “ஸ்ஹவுடர்பிளாட்?” என்றாள். பிறகு புனிதவதியிடம் திரும்பி, “தோள் இலையாம், அன்ரி!” என்றாள்.

பிறகு கழுத்தெலும்பைத் தொட்டாள். “ஸ்லூட்டல்பேன்?”

மிருணாளினி சிரித்துத் தலையாட்டினாள்.

“அதென்ன?” என்றாள் புனிதவதி.

“சாவி எலும்பாம். லத்தீன்காரர் இதைச் சின்னச் சாவியெண்டு சொன்னவையாம். டச்சுக்காரரும் அப்பிடியே எடுத்திட்டினம்.”

“எலும்பில சாவி இருந்தால் இருக்கட்டும். வீட்டுச் சாவி என்ர கையிலதான். கலியாணம் முடிய இவளின்ர படிப்பை நிப்பாட்டி, எங்கட ரெஸ்ரோறன்ரில விடப்போறன். சம்பளமில்லாத ஆள்!”

சாம்பவி அளவு நாடாவை எடுத்தாள். இந்தக் கடைக்குள் கேட்பதையெல்லாம் வெளியே சொன்னால் பிழைக்க முடியாது. பெருமூச்சோடு நாடாவைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனாள்.

மிருணாளினி அதை மெல்ல விலக்கினாள்.

“அளவு வேண்டாம், அக்கா,” என்றாள், நல்ல யாழ்ப்பாணத் தமிழில். “மாமி, நீங்கள் எப்பிடிப்பட்ட ஆளெண்டு அறியத்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை.”

கழுத்தெலும்பில் விரலை வைத்தாள்.

“என்ர சாவி இஞ்சை கிடக்குது.”