பீங்கான் தொட்டிப் புல்

நர்சரியிலிருந்து பீங்கான் தொட்டியோடு வந்திறங்கிய அலங்காரப் புல்லுக்கு வசுமதி வீட்டில் ராஜ உபசாரம். வேளைக்குத் தண்ணீர், மண்புழு உரம், அதன் ஊதாக் கதிரோடு நின்று படமெடுத்துக்கொள்ள விருந்தாளிகள் வேறு.

பக்கத்து மண்ணில் அருகம்புல் தலை நீட்டினால் மட்டும் அதற்கு மூச்சு முட்டும்.

“ஏய், யாரைக் கேட்டு இங்கே முளைச்சே?”

“நாமெல்லாம் புல்லுதானேக்கா,” என்றது அருகம்புல்.

“நான் புல்லா? சொன்ன நாக்கு அழுகிப் போகும்!”

தொட்டியின் அழகு கெடக்கூடாதாம். வசுமதி அருகம்புல்லைத் தேடித் தேடி வேரோடு பிடுங்கினாள். அலங்காரப் புல் தலையாட்டி ரசித்தது.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது, சாமிக்குச் சாத்த அருகம்புல் இல்லை. தோட்டம் முழுக்கத் தேடினாள். பிடுங்கிய வேலை அத்தனை சுத்தம். கடைசியில் கத்தரிக்கோலோடு தொட்டி முன்னால் வந்து நின்றாள்.

“இதுவும் புல்லுதானே. பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார்.”

கதிரோடு சேர்த்து ஒட்ட நறுக்கிக்கொண்டு போனாள்.

தொட்டிக்கடியில் தப்பிக் கிடந்த ஒற்றை அருகம் முளை மெல்ல எட்டிப் பார்த்தது.

“பாவம், வசுமதியம்மா நாக்கு என்ன ஆகுமோக்கா?”