பதினான்கு தூக்கத் தூரம்

"எங்கண்ணன் கிளம்பிட்டாரா மியாலி?"

தாதிகாட் இதோடு ஐந்து முறை கேட்டுவிட்டார். வட துருவத்தை ஒட்டிய கிரைஸ் ஃபியோர்டு என்ற அந்தச் சிற்றூரின் விமான நிலையம் என்பது ஒரே ஓர் அறைதான். அதில் ரேடியோவைப் பார்த்துக்கொள்கிறவள் மியாலி.

"ரெசொலூட் ஊரை விட்டு விமானம் கிளம்பி ஒரு மணி நேரமாச்சு மாமா. முன்னூத்தி எண்பத்தஞ்சு கிலோமீட்டர், ஒண்ணரை மணி நேரம். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா தூரம் குறைஞ்சிடுமா?"

"ஒண்ணரை மணி!" என்று வாயைப் பிளந்தார். "நானும் அண்ணனும் நாய் வண்டியில வந்தப்போ பதினாலு தூக்கம் ஆச்சும்மா, பதினாலு ராத்திரி. வீடு உயரப் பனிக்கட்டி. அதை அவர் கோடாரியால வெட்டி வெட்டி வழி பண்ணினார். அதே கடல் மேலதானே இப்ப பறந்து வர்றார்!"

நினைக்க நினைக்க அவருக்கு மயிர் கூச்செறிந்தது.

"வந்ததும் சாப்பிட சீல் கறி வேகவச்சிருக்கேன்."

"பல்லே இல்லாதவருக்கா?" மியாலி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பயணத்துல கடைசித் துண்டு கறியை அவர் தூங்குறப்போ நான் தின்னுட்டேன். நாய் தின்னுடுச்சுன்னு சொன்னேன். மறுபேச்சு பேசாம நாலு நாள் பட்டினியா நடந்தார். இன்னிக்காவது உண்மையைச் சொல்லிடணும்."

"இப்ப சொன்னா அவருக்குப் புரியுமா மாமா?"

"காதுல விழுந்தா போதும்."

ரேடியோ கரகரத்தது. மியாலியின் முகம் மாறியது. "மூடுபனியாம். மலையே தெரியலையாம். ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, முடியலைன்னா பைலட் திரும்பிடுவாராம்."

செவ்வாய்க்கிழமையும் விமானம் இப்படித்தான் திரும்பிப் போனது. தாதிகாட்டுக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணன் பயப்படுறாரா, கேளு."

மியாலி கேட்டாள். "உங்க மகள் பக்கத்துலயே இருக்கா. அவர் நல்லாத் தூங்குறாராம்."

"புயல்லகூடத் தூங்குற மனுஷன்!"

தலைக்கு மேல் இரைச்சல் வந்தது, தேய்ந்தது, மறுபடி வந்தது. வெண்மையைக் கிழித்துக்கொண்டு அந்தச் சின்ன விமானம் பாறைக்கு அருகே சரிந்து, சரளைத் தரையைத் தொட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அதிசயம்தான். தாதிகாட் தொப்பியைக்கூட மறந்து ஓடினார்.

மகள் மட்டும் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

"பெரியப்பாவைப் பிடிங்கப்பா," என்றாள் அலுப்பாக. "வழியெல்லாம் என் முதுகை நனைச்சுட்டார்."

"அண்ணே, அன்னிக்குத் தின்னது நாய் இல்ல, நான்தான்" என்று தேம்பினார் தாதிகாட், போன வருடம் பனி உடைந்து கடலோடு போன அண்ணனின் பெயரை வாங்கிக்கொண்டு, இறந்தவர் பெயரைப் பெற்ற குழந்தை அவரேதான் என்னும் அந்த ஊர் வழக்கப்படி அண்ணனாகவே பிறந்து, மகளின் முதுகில் குழந்தையைச் சுமக்கும் அங்கித் தொப்பிக்குள்ளிருந்து கொட்டாவி விட்ட மூன்று வாரப் பேரனின் காதில்.